நான் போகாத கடையில் என் குரல்

ஆடி, செவ்வாய் இரவு. தென்காசி. சாரல் விடவில்லை.

பாவூர்சத்திரம் சந்தையில் இன்று என் குரலை நானே கேட்டேன். அண்ணாச்சியின் காய்கறி மண்டிக்கு நான் செய்து கொடுத்த ஆப், எடையை என் குரலில் சொல்லும். அது நான் போகாத ஒரு கடையிலிருந்து, "தக்காளி, இருபது கிலோ" என்றது. கனவில் நிற்பதுபோல் நின்றேன். நான் அண்ணாச்சிக்கு எழுதிக் கொடுத்த உரிமம் ஒரு கடைக்குத்தான்.

அண்ணாச்சியிடம் போனேன்.

"எந்தம்பி கடைதாம்மா. நாந்தான் போட்டுக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி."

தராசிலிருந்த கூடையை இறக்கி வைத்தார்.

"இப்பம் கேக்கேன். அங்கனயும் இருக்கட்டுமா?"

தம்பி கடைக்குத் தனி உரிமம் எழுத வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

அந்தக் கடையில் நான் களைக்காமல் பேசிக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.