கண்ணம்மாளின் கதைக்கு என் தரப்பு

ஏற்காடு,
12.8.1986

அன்புள்ள கண்ணம்மாளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். மாறான செய்தி எதுவும் வராததால் நீயும் கல்கத்தாவில் நலமே என்று நம்புகிறோம். ஆடி பிறந்ததிலிருந்து இங்கே விடாத மழை. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, முற்றிலும் தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை.

உன் பழைய தமிழாசிரியர் தேவசிகாமணியை நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "ஏனுங்க வக்கீலய்யா, கண்ணம்மா எனக்கு நாலு பக்கம் கடுதாசி போட்டிருக்குதுங்க, உங்களுக்கு வரலீங்களா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அண்ணன் தங்கை நிலத் தகராறு பற்றிய உன் கதையில் கடைசி இரண்டு பக்கங்களை வெட்டச் சொன்னாராம். நீயும் அப்படியே வெட்டி, மாத முடிவில் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாயாம். அதே கதை எனக்கும் வந்தது. முழுவதும் படித்து, அடியில் "ஆட்சேபணை இல்லை" என்றெழுதி, கையொப்பமிட்டு மறுதபாலிலேயே திருப்பி அனுப்பினேன். நாலு பக்கம் அவருக்கு, எனக்கு ஒரு கார்டு, அதிலும் 'படித்ததற்கு நன்றி' என்று ஒரே வரி. அம்மாவிடம் சொன்னால், "புள்ள கதையெழுதி அனுப்புனா, ஊடு கட்டப் பர்மிஷன் குடுக்கற மாதிரியா எழுதறது? நொம்ப நல்லாருக்குதுன்னு எழுதுனா கை வலிக்குமாக்கும்" என்று சிரிக்கிறாள். கண்ணு, இத்தனை வருடத் தொழிலில் பிறர் எழுதியதைப் படித்துவிட்டு அந்த இரண்டு சொற்களை நான் எழுதியது மிக அபூர்வம். அதைவிட உயர்ந்த பாராட்டு என்னிடம் இல்லையென்று உனக்குத் தெரியும் என எண்ணியிருந்தேன். அவர் சிவப்பு மையால் கோடு போட்டால் அது அக்கறை, நான் கையொப்பமிட்டால் அது வெறும் கையொப்பமா? எனக்குப் பொறுக்கவில்லை, மறைப்பானேன்.

ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். தங்கை பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு கரடியூர் பஸ்ஸில் ஏற, "பழத்துக்கும் டிக்கெட் வாங்கோணுமுங்க, உங்களைவிட அதுதான் கனம்" என்று கண்டக்டர் சொல்லும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியில் அண்ணன் நிலத்தை அவளுக்கு விட்டுக்கொடுப்பது நம்பும்படி இல்லை. அந்த அளவில் தேவசிகாமணி சொல்வது சரி. எனக்கும் அது அப்போதே தோன்றியது, ஆனால் திருத்திக்கொள்ளக்கூடிய குறையை ஆட்சேபணையாக நான் எழுதுவதில்லை. வெட்டுவது அதற்குப் பரிகாரமாகாது. கதை முழுவதும் அந்த அண்ணன் வாயே திறக்கவில்லை. தங்கை சொன்னதை மட்டும் கேட்டு நீ தீர்ப்பெழுதிவிட்டாய். நடுவில் ஓரிடத்தில் அவன் தரப்பை அவனே சொல்லட்டும், அது நியாயமற்றதாக இருந்தாலும் சரி. அதன்பின் அவன் விட்டுக்கொடுத்தாலும் நம்புவார்கள், கொடுக்காவிட்டாலும் நம்புவார்கள். வெட்டிய பிரதியை அவசரப்பட்டு அனுப்பிவிடாதே. இரண்டு பேர் சொன்னதையும் அருகருகே வைத்துப் பார், முடிவு உன்னுடையது.

நம் மலைச்சாமி சேர்வராயன் உனக்குத் துணையிருக்கட்டும், நீ எழுதுவதெல்லாம் சிறக்கட்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடி. அடுத்த கதையைத் தேவசிகாமணிக்கு அனுப்ப வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எனக்கு அனுப்பி, என் பதில் வந்து சேர்ந்த பிறகு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா,
அங்கப்பன்