பங்குக்காரனுக்கு ஏது சம்பளம்?

அன்புள்ள மனைவி மெட்டில்டாவுக்கு,

மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உன் முட்டுவலி குறைந்ததா?

உன்னை பஹ்ரைனுக்கு அழைக்கப் போட்ட விசா விண்ணப்பம் திரும்பிவிட்டது. பயப்படாதே. சம்பளச் சான்று இல்லையாம். விண்ணப்பம் அடித்துத் தரும் சாத்தான்குளத்து ஸ்டெபின், "அண்ணாச்சி, மாசச் சம்பளம்னு ஏதாவது போட்டுருவோம்" என்றான்.

"ஏலே, பிடிக்கிற மீன்ல முதலாளிக்கும் பங்கு, எனக்கும் பங்கு. நான் எப்படிலே சம்பள ஆளு?" என்றேன். நம் வீட்டில் கூலிக்குக் கடலுக்குப் போனவர் யாராவது உண்டா?

படகு முதலாளியையே ஸ்டெபினிடம் கூட்டிப்போய், சான்றில் 'பங்குக்காரன்' என்று எழுதவைத்துவிட்டேன். இங்கே ஞாயிறும் வேலைநாள்தான்; பூசை முடிந்ததும் அதோடு விசா ஆபீசுக்குப் போவேன். மறுத்தால் மறுபடியும் போவேன்.

என் சமையல் எனக்கே இறங்கவில்லை. எனக்காகக் கட்டிவைத்த கருவாட்டை மட்டும் வெளியே எடுத்து வெயிலில் போடு. பயணத்துக்குக் கட்டிய பெட்டியில் மற்ற எதையும் பிரிக்காதே.

படகில் கூப்பிடுகிறார்கள்.

அமலன்