நாலாம் நம்பர் பட்டுச்சேலை

என் மகேசு அக்கா,

கிடைத்துவிட்டாய்! இரண்டு வருஷமாக என் கையிலேயே இருந்திருக்கிறாய், நான்தான் கண் இருந்தும் குருடியாக இருந்திருக்கிறேன். உன்னைக் கண்டுபிடித்து ஆறு நாளாகியும் படபடப்பு அடங்கவில்லை. எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள். "மூச்சு விட்டுப் பேசுடி, கடைசி பஸ்ஸா போகப்போவுது?" என்று நீ சொல்வது காதில் விழுகிறது. சரி, முதலில் இருந்தே சொல்கிறேன். கூடவே வாசிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்கு என்னைத் தெரியாதே. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ரிஸ்வான் நானாவின் கொமினிகேஷன் கடையில் எனக்கு வேலை. போட்டோக்கொப்பி எடுப்பேன், லெமினேட் பண்ணுவேன், அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பேன். "நேரா பாருங்க, தலைய அசைக்காதீங்க, சிரிக்காதீங்க." பொழுது விடிந்தால் இதுதான் என் மந்திரம். ஆறு நாளும் சனங்களைச் சிரிக்கவிடாமல் பண்ணிவிட்டு, ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் வந்தால் என் பழைய கெமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறவர்களைத் தேடி அலைவேன். "பல்லிக்கும் ஓணானுக்கும் போட்டோ எடுக்க ஊருக்கு ஒருத்தி வேணுந்தானே" என்று நீ நக்கலடிப்பாய்.

இந்த வருஷம் நான் எடுத்ததையெல்லாம் நீ பார்க்கவேண்டுமே! கண்டி வாவிக் கரையில் ஒரு கபரகொய்யா, அதுதான் பெரிய நீருடும்பு, வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. அதற்கு நாலு முழம் தள்ளி ஒரு ஐயா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சட்டை செய்யவில்லை. கடுகண்ணாவையில் ரயில் வளைவில் திரும்பும்போது ஒரு புதுமாப்பிள்ளை பெண்டாட்டியின் குடையைக் காற்றுக்குப் பறிகொடுத்துவிட்டு நின்றான். பெட்டி முழுக்கச் சிரிப்பு. நான் அமுக்குவதற்குள் குடை பள்ளத்தாக்குக்குள் போய்விட்டது. மாப்பிள்ளையின் முழி மட்டும் அப்படியே கிடைத்தது.

ஆனால் ஆறு நாளைக்கு முன்புவரை உன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உன் படம் என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட.

போன தை மாதம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழும்பவே இல்லை. அன்றைக்கே பந்தலில் வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்? நான் அழுதுகொண்டே கடைக்குப் போய்க் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். உன் அடையாள அட்டைக்கு நானே எடுத்த படம் அங்கே இருந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர்களுக்கு நல்ல படம் இல்லாவிட்டால், அடையாள அட்டைப் படத்தின் தலையை மட்டும் வெட்டி, தயாராக இருக்கும் உடம்பு ஒன்றின்மேல் ஒட்டிக்கொடுப்போம். ஆண்களுக்குக் கோட்டும் டையும். பெண்களுக்குப் பட்டுச்சேலை, ஒன்று முதல் ஏழு வரை. எத்தனை பேருக்கு ஒட்டிக்கொடுத்திருப்பேனோ தெரியாது. உனக்கு நாலாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தேன். அரக்குச் சிவப்பு, பெரிய கரை, கழுத்தில் காசுமாலை, மடியில் வைத்த கை நிறைய வளையல். பந்தலில் எல்லோரும் "மகாலெச்சுமி மாதிரி இருக்கா" என்றார்கள். எனக்கும் அன்றைக்கு அது நல்லதாகத்தான் பட்டது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் உங்கள் காம்பராவைக் கூட்டிக்கொண்டிருந்தபோது உன் மகள் தாரணி அந்தப் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"சித்தி, இது யாரோட கை?"

விளக்குமாற்றோடு கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, நகப்பூச்சோடு, மடியில் கிடக்கிறது ஒரு கை. உன் விரல் வெடிப்புகளில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறி, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாமல் இருந்ததே, அந்தக் கையா இது?

"அம்மா மொகத்த நெனைச்சா இப்ப இந்தப் படந்தான் சித்தி வருது. நெசமான மொகம் வர மாட்டேங்குது. பயமா இருக்கு."

அக்கா, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளையின் மனசில் இருந்த தாயை நானல்லவா அழித்துவிட்டேன்? முதல் வருஷத் திவசத்துக்குள் உன் உண்மையான படம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சுவரில் மாட்டுவேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டேன்.

சொல்வது லேசு. தேடினால் எல்லாவற்றிலும் விறைத்துக்கொண்டு நிற்கிறாய்! கல்யாண வீட்டில், தேர்த் திருவிழாவில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், எங்கே கெமராவைக் கண்டாலும் இரண்டு கையையும் தொங்கவிட்டு, உதட்டை மூடி, அடையாள அட்டையாகிவிடுவாய். நீ மட்டுமில்லை, நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நம்மைப் படம் எடுக்கிறார்கள் என்றால் அது அரசாங்கத்துக்காகத்தான் என்று ரத்தத்திலேயே ஊறிவிட்டது. அப்படி நிற்கப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி என்று நினைக்கும்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். மார்கழி பிறந்தது, திவசம் நெருங்கியது. தாரணி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பரவாயில்லை.

இனித்தான் விஷயம்! போன செவ்வாய்க்கிழமை ரிஸ்வான் நானா சத்தம் போட்டார்.

"புள்ள, ஒங்கட குருவியும் ஓணானும் நெறஞ்சு கம்பியூட்டர் மூச்சு விடுதில்ல. தேவையில்லாதத அழிச்சுப் போடுங்க."

சரியென்று பழைய படங்களைத் திறந்து உட்கார்ந்தேன். மங்கலானது, ஆடியது, தலை வெட்டுப்பட்டது, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு மார்கழிப் போயா நாள் வந்தது. அந்த வெள்ளைக் குருவியின் படம். நீளமாக இரண்டு ரிப்பன் தொங்குகிற வால் உள்ள குருவி. சிங்களத்தில் 'ரெதி ஹொரா' என்பார்கள், துணித்திருடன். குளிர் மாதத்தில் மட்டும் வருகிறது. மூன்று வருஷம் அதற்காகத் தவம் கிடந்து, கடைசியில் கிடைத்த ஒரே ஒரு படத்தில் குருவி வெறும் வெள்ளைப் புகை. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழிப்பதற்கு விரலை வைத்துவிட்டேன்.

"நில்லுங்க, நில்லுங்க!" என்று நானா பின்னாலிருந்து கத்தினார். "குருவிக்குப் பின்னுக்கு இது யாரு? ஒங்கட ராத்தா, மகேசு தானே?"

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

நீ! குருவிக்குப் பின்னால், பீலிக்கரையில், தண்ணீர் கொட்டுகிற வாய்க்குப் பக்கத்தில். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, நனைந்த கூந்தலை அள்ளி முடிந்து, ஒரு கையில் பிழிந்த வேட்டி, மறுகையை வானத்துக்கு விரித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாய். குருவியைக் குறிவைத்த கெமரா கிளையை விட்டுவிட்டு உன்னைப் பிடித்திருக்கிறது. என் கைப்பிசகு, அக்கா! குருவி மங்கிப்போனதே நீ தெளிவாக விழுந்ததால்தான். உன் முகத்தில் தெறித்த தண்ணீர்ப் பொட்டு தெரிகிறது. அந்த விரல்களில் கறை தெரிகிறது. நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, போட்டோக்கொப்பிக்கு வந்திருந்த ஒரு சிங்கள ஆன்ட்டியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் என்ன ஏதென்று கேட்காமலே என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகுதான் அந்த நாள் முழுக்க ஞாபகம் வந்தது. ஹந்தானையில் மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. நான் பீலிக்கு மேலே புதரில் அட்டைக் கடியோடு படுத்துக் கிடந்தேன். "சத்தம் போடாத, துணித்திருடன் வந்திருக்கான்" என்று கையால் சைகை காட்டினேன். நீ மூட்டைத் துணியைப் பார்த்தாய், குருவியைப் பார்த்தாய்.

"திருடனா? வரச்சொல்லுடி! இம்புட்டுத் துணியையும் அவனே தூக்கிட்டுப் போகட்டும், எனக்கு வேல மிச்சம்!"

அந்தச் சிரிப்புக்குத்தான் குருவி பறந்தது. நான் உன்னை என்னவெல்லாம் திட்டினேன்! "அறிவிருக்கா? மூணு வருஷமா காத்துக் கெடந்தேன், கெடுத்துட்டியே" என்றேன். நீ முகம் சுருங்கி, "சரிடி, இனிச் சிரிக்கல" என்று சொல்லித் துணியைப் பிழியத் திரும்பிவிட்டாய். அன்று மத்தியானம் நான் உன் கையால் சாப்பிடாமலே பஸ் ஏறினேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா? கேட்டதாக ஞாபகம் இல்லை. இப்போது கேட்கிறேன், அக்கா. கேட்டால் உனக்குக் கேட்குமா?

ரிஸ்வான் நானா அதைப் பெரிய படமாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தந்தார். சனிக்கிழமை அதைச் சிலிசிலி பொலித்தீன் பையில் சுற்றி, குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்டிக்கு ஒரு பஸ், ஹந்தானைக்கு ஒரு பஸ் என்று வந்து சேர்ந்தேன். தாரணி பார்த்தாள். கண்ணாடிமேல் உன் விரலை மட்டும் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு உன் சிரிப்பைப் போலவே அவளுக்கும் ஒரு சிரிப்பு வந்தது பார், அம்மாடி!

நான் துள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த பட்டுச்சேலைப் படத்தைக் கழற்றக் கை வைத்தேன்.

"அத தொடாத" என்றார் உன் வீட்டுக்காரர், என் மச்சான்.

கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மச்சான், அது அக்கா இல்ல. நான் ஒட்டினது. கையப் பாருங்க."

"தெரியும்."

"அப்புறம்?"

"கல்யாணத்துக்கும் அவளுக்கு நூல் சேலதான். பொறவு எடுத்துத் தாறேன், பொறவு எடுத்துத் தாறேன்னு சொல்லியே இருவது வருஷத்த ஓட்டிட்டேன். உசுரோட இருக்கையில கட்டாத பட்ட படத்துலயாவது கட்டிட்டுப் போகட்டும் புஷ்பா. அதையும் கழட்டிறாத."

தாரணிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இந்த மனுஷன் ஒரு பக்கம். அந்தச் சேலையை ஒட்டியது நான், இருபது நிமிஷ வேலை. ஆனால் அவர் ஒரு வருஷமாக அதை உனக்குத் தானே எடுத்துக் கொடுத்ததாக நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். எதைக் கழற்றுவது? யாரிடமிருந்து கழற்றுவது?

என் கையில் இருந்த படத்தை அவரிடம் நீட்டினேன். கத்தியை வைத்துவிட்டு, கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்துக்காக வாசலுக்குக் கொண்டுபோனார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தோள் குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போனால் சிரிக்கிறார்!

"இந்தச் சிறுக்கி இப்பிடித்தான்" என்றார். "இப்பிடியே தான்."

மறுநாள் திவசம். பூசாரி வந்து பூசை முடித்தார். பட்டுச்சேலைப் படத்துக்கு விளக்கேற்றி மாலை போட்டார்கள். மீந்த மாலையைத் தாரணி எடுத்துக்கொண்டு உன் புதுப் படத்துக்குப் போடப் போனாள். மச்சான் கையை நீட்டித் தடுத்தார்.

"இதுக்கு மால போடாத. சிரிக்கிறவளுக்கு எதுக்கு மால?"

உன்னைக் கொண்டுபோய் அடுப்படிக்குப் போகிற வாசலுக்குப் பக்கத்தில், தாரணியின் பள்ளிக்கூடப் பையும் குடையும் தொங்குகிற சுவரில் அவரே ஆணி அடித்து மாட்டினார்.

இன்று காலை மச்சான் வேலைக்குக் கிளம்பினார். பட்டுச்சேலைப் படத்துக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டு, திருநீறு பூசினார். பிறகு குடையை எடுக்க இந்தச் சுவருக்கு வந்தார். உன்னைக் கும்பிடவில்லை.

"போயிட்டு வர்றேன் மகேசு" என்றார்.

பக்கத்துக் காம்பராக்களில் இருந்து இதுவரை ஐந்து பேர் வந்துவிட்டார்கள். "எனக்கும் இப்பவே ஒன்னு எடுத்துரு புள்ள" என்கிறார்கள். அடுத்த போயாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் துணி துவைக்கட்டும், சண்டை போடட்டும், அடுப்பு ஊதட்டும், நான் பாட்டுக்கு எடுப்பேன். உனக்கும் ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. சிரித்துக் குருவியைக் கலைத்துவிட்டாள் என்று இனி உயிரோடு இருக்கிற யாரையும் திட்டமாட்டேன். துணித்திருடன் போனால் போகட்டும், அடுத்த மார்கழிக்கு வருவான்.

சாப்பிடாமல் பஸ் ஏறிப்போன
உன் கூடப்பிறந்த தங்கச்சி
புஷ்பா