கோலத்தை மிதிக்காத மச்சாள்

மச்சாள்,

இன்று காலை எங்கள் தெருப் பிள்ளைகள் நடைபாதையில் வெண்கட்டியால் பெரிய வட்டம் ஒன்று கீறியிருந்தார்கள். மிதிக்க மனம் வராமல் ஓரமாகச் சுற்றிப் போனேன். பிறகுதான் உங்கள் நினைவு வந்து, தனியே சிரித்துக்கொண்டு நடந்தேன்.

2009 மாசியில் லண்டன் முழுக்கப் பனி கொட்டியபோது வழுக்கி விழுந்தீர்கள். முழங்கால் ஆறிய பிறகும் கதிரையில் இருந்தபடி, வாசல் தாண்டவில்லை, பூசைக்குக்கூட வரவில்லை. என் அண்ணை தேத்தண்ணீர் போட்டுத் தந்து, தன் மனைவியென்று உங்களை நன்றாகக் கெடுத்தார். இப்படியே கதிரையோடு இருந்துவிடுவீர்களோ என்று எனக்குச் சரியான பயம். மோர்டன் கோயில் மண்டபத்தில் உடற்பயிற்சி வகுப்பு நிரம்பிவிட்டது. அதனால் பக்கத்து அறையில் நடந்த ஸ்பானிய வாள்வீச்சு வகுப்பில் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்தேன். உங்களிடம் நடைப்பயிற்சி என்று மட்டும் சொல்லி, காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மரவாளைக் கண்டதும் நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சொல்லித்தந்த ஸ்பெயின்காரிக்கு எங்கள் பிள்ளைகளின் வயதுதான். தரையில் வட்டம் கீறி, குறுக்கே கோடுகளும் போட்டிருந்தாள். குனியக்கூடாது, பாயக்கூடாது, நிமிர்ந்து நின்று வாளை நேரே நீட்டி, தெருவில் நடப்பதுபோல் இயல்பாகக் காலெடுத்து வைக்கவேண்டும் என்றாள். தொடங்கச் சொன்னதும் எல்லோரும் எதிராளியை நோக்கி நேரே பாய்ந்தோம், நான் உட்பட. நீங்கள் மட்டும் வட்டத்தின் ஓரமாக ஆறுதலாக நடந்து வந்தீர்கள். உங்கள் வாள்நுனி என் தோளைத் தொட்டது. இதுதான் சரியான நடை என்று அவள் கைதட்டினாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஆரும் கோலத்தை மிதிப்பினமே?" என்றீர்கள்.

எனக்கு வந்த சிரிப்பில் ஸ்பெயின்காரிக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு எந்த வகுப்பையும் நீங்கள் விடவில்லை. வசந்தம் வந்ததும் பஸ்ஸில் போய்வரத் தொடங்கினோம். ஒருநாள் வகுப்பு முடிந்து தெருவைக் கடக்க நின்றோம். வழக்கம்போல் உங்கள் கையைப் பிடித்தேன்.

"கையை விடும். எனக்கு ஏலும்."

நிமிர்ந்தபடி, அவசரமில்லாமல் கடந்தீர்கள். நான் இந்தக் கரையில் நின்று அழுதேன். அந்தக் கரையில் நின்று, பஸ் போகப்போகுது, கெதியாக வாரும் என்று ஏசினீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போனபின் உங்களின் அந்தக் கதிரையில் நான்தான் இருந்தேன், மச்சாள். அண்ணை எனக்கும் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். போன ஞாயிறு எழும்பி, பூசைக்குத் தனியாகப் போனேன். உங்களைப் போலவே நிமிர்ந்து நடந்தேன். தெருவைக் கடக்கும்போது மட்டும் என் கை தானாகப் பக்கத்தில் நீண்டது. அதை நான் மடக்கவில்லை.