இடது காலால் மிதித்தவளுக்கு

இன்று கம்பெனியில் புது இன்சூரன்ஸ் கார்டு கொடுத்தார்கள். கூடவே, எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு பட்டியல். முதல் வரியிலேயே அந்த ஆஸ்பத்திரி. எல்லாரும் கை தட்டினார்கள். நீ இருந்திருந்தால் நீயும் தட்டியிருப்பாய். எனக்கு அதைக் கிழித்து சூப்பர்வைசர் மூஞ்சியில் எறிய வேண்டும் போலிருந்தது.

உனக்கு முதலில் வலது கைதான் பிடி விட்டது. ஓவர்லாக் மிஷினில் துணியைத் தள்ளும்போது தையல் கோணிக்கொண்டு போனது. அந்த ஆஸ்பத்திரிக்கு நாம் ஐந்து தடவை போனோம். ஐந்து தடவையும் வேறு வேறு டாக்டர். நீ நாற்காலியில் உட்காருவதற்குள் மருந்துச் சீட்டு பாதி எழுதியாகிவிடும். பனியன் கம்பெனி டெய்லர் என்றால் மணிக்கட்டு வலி. அவர்களுக்கு அது மனப்பாடம். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை, பத்து நாள் மாத்திரை, அடுத்த டோக்கன். ஒருவர்கூட உன்னை நாலடி நடக்கச் சொல்லவில்லை. எங்கள் ஊர் குண்டடத்தில் மாட்டு டாக்டர்கூட மாட்டை நடக்கவிட்டுத்தான் பார்ப்பார்.

பல்லடம் ரோட்டில் ஒரு நரம்பு டாக்டர் இருக்கிறார், எந்தப் பட்டியலிலும் சேராதவர், ஒரு நாளைக்கு எட்டுப் பேரைத்தான் பார்ப்பார், போகலாம் வா என்று எத்தனை முறை கெஞ்சினேன். "கார்ட வச்சுக்கிட்டு துட்டு குடுத்து எதுக்குட்டி பாக்கணும்? மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கான்லா" என்றாய். உன் திருநெல்வேலிப் பிடிவாதத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது நீ விழுந்த பிறகுதான் என் பேச்சு உன் காதில் ஏறியது.

அந்த டாக்டர் உன்னை முக்கால் மணி நேரம் பார்த்தார். முதலில் உன்னைப் பேசவிட்டார். நடுவே ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. பிறகு, "அவசரமில்லீங்கம்மா. மிஷின்ல எப்படி உக்காருவீங்களோ, அப்படியே உக்காந்து காட்டுங்க" என்றார். நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு, இல்லாத துணியைப் பிடித்து, இல்லாத பெடலை மிதித்தாய். இடது காலால்.

டெய்லர்கள் வலது காலால்தானே மிதிப்பார்கள் என்று அவர் என்னைக் கேட்டார். அப்போதுதான் சொன்னேன். வலது கால் சரியாக அழுத்தவில்லை, தைக்கிற பீஸ் கணக்கு குறைகிறது என்று நீ புலம்பியதும், மெக்கானிக்கைக் கூப்பிட்டு பெடலை இடப்பக்கம் மாற்றித் தரச் சொன்னதே நான்தான். ஏழு மாதம் ஆகியிருந்தது. நம் லைனில் அதுதானே வழக்கம். உடம்பில் எங்கே வலித்தாலும் மிஷினைத் திருத்துவோம்.

"கையும் காலும் ஒரே பக்கமுங்க. கோளாறு மணிக்கட்டுல இல்லீங்க, தலைக்குள்ள இருக்கலாம்" என்றார். ஸ்கேனில் கட்டி தெரிந்தது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் எடுத்திருக்கலாமாம். கார்த்திகையில் பார்த்தது, மாசியில் போய்விட்டாய். நடுவில் அதிக வலியில்லாமல் நீ இருந்த நாளெல்லாம் அவர் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் உன்னை உட்காரவைத்து, அடுத்து என்ன நடக்கும் என்று உன்னிடமே சொன்னார்.

கோபத்தில் பாதி என்மேல்தான். ஐந்து தடவையும் உன் பக்கத்தில் நின்றேன். அவர்கள் கேட்கவில்லை. டாக்டருக்குத் தெரியாததா என்று நானும் உன் காலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போன வாரம் நம் செக்கிங் அக்காவை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தோள் வலி என்று சீட்டு எழுதி நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. ராத்திரி அவருக்கு வியர்த்துக் கொட்டுவதையும், வேன் ஏறுவதற்குள் மூச்சு வாங்குவதையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்றார் டாக்டர்.

"நிக்கட்டுங்க சார்," என்றேன். "நான் இன்னும் சொல்லி முடிக்கலீங்க."