ஆல்பர்ஸ் ஓட்டுப் போடாத நாள்

ஹாம்பர்க், 10-1-1966

சௌபாக்கியவதி சியாமளாவுக்கு ஆசிகள்.

இங்கே மூக்கு நுனி வரை பனி, நான் நலம். கோபித்துக்கொள்ளாதே, உன் பயணத்தை இன்னும் ஆறு மாதம் தள்ளலாமா? ஆய்வு முட்டிக்கொண்டு நிற்கிறது. என் ஆல்பர்ஸ் இந்த ஊரில் பிறந்து, அமெரிக்கா போய், இருபது வருஷம் விஸ்கான்சின் சட்டசபையில் இருந்தவர். ஒரு நாள்கூட மட்டம் போடாதவர். 1911இல் அவரே கொண்டுவந்த பாலம் கட்டும் மசோதாவுக்கு வாக்கெடுப்பு நடந்த அன்று மட்டும் ஆளைக் காணோம். ஒரே ஓட்டில் தோற்றது! லஞ்சம் வாங்கியிருப்பார் என்கிறார் பேராசிரியர். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

சந்திரமௌலி

திருச்சி, 24-1-1966

நமஸ்காரம்.

கல்யாணமான நாற்பதாம் நாள் போனவர், மூன்றாம் தடவையாகத் தள்ளச் சொல்கிறீர்கள். நியாயமா? செத்துப்போன மனுஷர் சக்களத்தி மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கிறார். தள்ளமாட்டேன். கப்பல் டிக்கெட் வாங்கியாச்சு. ஜெனோவாவில் இறங்கி, ஏப்ரல் 19 காலை பத்து மணி ரயிலில் ஹாம்பர்க் வருவேன்.

ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் தினமும் வருகிற குழந்தை ஒரு நாள் வராவிட்டால் திருடி என்றா எழுதுவேன்? வீட்டில் என்ன விசேஷம் என்று ஆள் விட்டுக் கேட்பேன். நீங்களும் அவர் வீட்டைக் கேளுங்கள்.

தங்கள் சியாமளா

ஹாம்பர்க், 8-3-1966

அடி கெட்டிக்காரி!

ஆல்பர்ஸ் தங்கையின் பேத்தி இந்த ஊரில்தான் இருக்கிறாள். பிஸ்கட் டப்பா நிறைய அவர் கடிதங்கள்! வாக்கெடுப்பு நடந்த அன்றுதான் அவர் மனைவி எம்மா இங்கிருந்து போய் இறங்கியிருக்கிறாள், கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதவள். "பாலம் எங்கே போகும், பிறகு கட்டிக்கொள்ளலாம்" என்று ஸ்டேஷனுக்குப் போய்விட்டார் மனுஷர். அடுத்த கூட்டத்தில் மசோதாவும் நிறைவேறியது. பேராசிரியர் வாயைப் பிளந்தார். உடனே என் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்துவிட்டார்: ஏப்ரல் 19, காலை பத்து. கவலைப்படாதே, உன்னை அழைத்துவர என் அறைத் தோழன் சுந்தரராஜனை அனுப்புகிறேன்.

சந்திரமௌலி

திருச்சி, 20-3-1966

நமஸ்காரம்.

எம்மா கொடுத்துவைத்தவள். அந்த ஊரிலும் ஒரு சுந்தரராஜன் இருந்திருப்பாரே, ஆல்பர்ஸ் ஏன் அவரை அனுப்பவில்லை? அதையும் ஆராய்ச்சியில் எழுதுங்கள். அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வருகிறேன், உங்கள் தோழருக்கு அடையாளம் சொல்லுங்கள். அழவில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை.

தங்கள் சியாமளா

ஹாம்பர்க், 6-4-1966
(ஜெனோவா, கப்பல் ஆபீஸ் மூலம்)

என் சியாமளா,

படித்துப் படித்துப் புத்தி கெட்டவன் நான். பேராசிரியரிடம் போய் அன்று வரமுடியாது என்றேன். குதித்தார். இனி ஜூலையில்தான் என்றார். ஆகட்டும் என்றேன். சுந்தரராஜன் அறையில் சாம்பார் வைப்பான்; நான் ஒன்பது மணிக்கே பிளாட்பாரத்தில் நிற்பேன். உன்னைக் கண்டுபிடிக்க எனக்குப் புடவை அடையாளம் வேண்டாம். நீதான் என்னைத் தேடவேண்டியிருக்கும். மூன்று வருஷத்தில் தலை பாதி வழுக்கை. பார்த்ததும் அடுத்த ரயிலில் திரும்பிவிடாதே!

உன் சந்திரமௌலி