குழாய் வைத்த பானை

மகனுக்கு,

சிறையில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கூலி கேட்டு உன்னோடு போனவர்கள் நலமா?

பள்ளிக்கூடத்துப் பானையை நம் பிள்ளைகள் தொடக்கூடாது என்று வாத்தியார் உயரத்திலிருந்துதானே ஊற்றுவார்? உன் மகள் வேம்புவும் கூட்டாளிகளும் அதன் அடியில் மூங்கில் குழாய் பொருத்தினார்கள். “இனிமே யாரும் நமக்கு மொண்டு ஊத்த வேணாம் அப்பாயி!” என்று சிரித்துக் குதித்தாள்.

மறுநாளே மிராசுதார் ஆள்விட்டுப் பானையை உடைத்தார். வேம்புவின் அந்தச் சிரிப்பை என் கட்டை வேகும்வரை மறக்கமாட்டேன். தாகத்துக்குப் பிள்ளைகள் வாய்க்காலில் குடித்தார்கள். அப்போது ஊரில் காலரா.

இப்போது கூட்டாளிகள் வேறு பானைக்குக் குழாய் வைத்துவிட்டார்கள். எல்லாரும் குடிக்கிறார்கள்.

விடுதலையானதும் பள்ளிக்கூட வழியாக வராதே. அவள் கூட்டாளிகள் உன்னைக் கண்டால் அழுதுவிடுவார்கள். நேரே வீட்டுக்கு வா. அவளைப் புதைத்த இடத்தை நான்தான் உனக்குக் காட்ட வேண்டும்.

உன் அம்மா